கோழி, வாத்து, கினி, வான்கோழி: கலந்து வாங்கிய குஞ்சுகளைக் கொட்டகைக்கு மாற்றுவது எப்படி? (கேள்வி பதில்)

செட்டிநாட்டுப் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குஞ்சு வளர்ப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பறவையைப் பார்க்காமல் அதை எழுத எனக்கு மனசு வராது.

தேவகோட்டையிலிருந்து: ஐயா, நாட்டுக்கோழிக் குஞ்சு 20, கினி 10, வாத்து 6, வான்கோழி 4 சேர்த்து வாங்கிட்டோம். எல்லாம் பிறந்து ஒரு வாரத்துக்குள்ள. ஒரே பல்புக்கு அடியில வளர்க்கலாமா?

கோழியும் கினியும் சேர்ந்து இருக்கட்டும். வாத்தை இன்றைக்கே பிரித்துவிடுங்கள். வான்கோழியைச் சில நாள் சேர்த்து வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வாத்துக்குஞ்சு தண்ணீரைக் குடிப்பதோடு விடாது. அலகை முக்கி, தலையை உதறி, கால்மணி நேரத்தில் உமி முழுவதையும் சொதசொதவென்று ஆக்கிவிடும். அதற்கு அது சுகம். பக்கத்தில் இருக்கிற கோழிக்குஞ்சு நனைந்து விறைத்துப்போகும். ஈர உமியில்தான் ரத்தக் கழிச்சலும் கிளம்பும். வாத்துக்கு மூக்குத் துளை முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும், இல்லையென்றால் மூக்கும் கண்ணும் அடைத்துக்கொள்ளும். ஒரு தட்டின் மேல் கம்பிவலை போட்டு அதன் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வையுங்கள். சிந்துவது தட்டில் இறங்கிவிடும். இன்குபேட்டரில் பொரித்த வாத்துக்குத் தாய் இறகின் எண்ணெய்ப் பசை கிடையாது. அதனால் இறகு முளைக்கும்வரை ஊருணியில் நீந்த விடாதீர்கள். கோழித் தீவனத்தையே தின்னும் வாத்துக்கு நியாசின் என்கிற வைட்டமின் சத்து பற்றாமல் கால் மடங்குவது உண்டு. தீவனத்தில் கொஞ்சம் புரூவர்ஸ் ஈஸ்ட் (அந்தச் சத்து உள்ள ஈஸ்ட் பொடி) தூவினால் போதும்.

வான்கோழிக் குஞ்சுக்குத் தீனி பொறுக்கவே தெரியாது. எதிரில் தீவனம் இருக்கும்போதே பட்டினியில் சாகும். இரண்டு மூன்று கோழிக்குஞ்சுகளைக் கூட விட்டால் அவை கொத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பச்சை நிறத்தைத் தேடிப் போய்க் கொத்தும் என்பதால் கீரையைப் பொடியாக நறுக்கித் தீவனத்தின் மேல் தூவுங்கள். கோழிக்குஞ்சுக்கு 20 முதல் 22 சதவீதம் புரதம் போதும், வான்கோழிக்கு 28 சதவீதம் வரை வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை என்று முதல் பதினைந்து நாள் உதிர்த்துப் போடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

ஒரு எச்சரிக்கை: பிராய்லர் தீவன மூட்டையில் சாலினோமைசின் என்று அச்சிட்டிருந்தால் வான்கோழிக்கு வைக்காதீர்கள். கோழிக்கு அது ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து, வான்கோழிக்கு விஷம். கடைக்காரர் சொல்ல மாட்டார், சீட்டை நீங்களே படியுங்கள்.

கினிக்குஞ்சு கட்டைவிரல் பருமன்தான். தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்துவிடும், கூழாங்கல் போட்டு வையுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: பெரிய வீடு ஒண்ணைப் பார்த்துக்கிறேன். பின்கட்டுல ஓர் அறை சும்மா கிடக்கு. அங்க குஞ்சு விடலாமா அண்ணே?

தடித்த சுவர், உயரக் கூரை, வெயில் தெரியாது, இடம் அருமை. ஆனால் தரை வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல்லா? அப்படியென்றால் வெறும் தரையில் விடாதீர்கள். வழுக்கி வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும், பிறகு நிற்காது. செய்தித்தாளும் அதே கதைதான். சாக்கை விரித்து, அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி போடுங்கள். வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் தம்பி, எச்சக் கறை அந்தக் கல்லில் இறங்கினால் போகாது.

கோட்டையூரிலிருந்து: எல்.இ.டி. பல்பு போட்டிருக்கேன், குஞ்சு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது.

எல்.இ.டி.யில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பு தேடி வாங்குங்கள், குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. முதல் வாரம் பல்புக்கு அடியில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அடுத்தடுத்த வாரம் 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்து இறக்கையை விரித்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம். சித்திரை வெயிலில் பகலுக்குப் பல்பே வேண்டாம்.

சிங்கம்புணரியிலிருந்து: எத்தனை நாள்ல வெளிக்கொட்டகைக்கு மாத்தணும்?

நாளை எண்ணாதீர்கள், இறகைப் பாருங்கள். கழுத்து, முதுகு, மார்பு மூன்றிலும் பஞ்சுமுடி போய் இறகு மூடியிருக்க வேண்டும். இறக்கையில் மட்டும் இறகு வந்ததைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். கையில் எடுத்து மார்புப் பக்கம் ஊதிப் பாருங்கள், தோல் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். கோழிக்குப் பெரும்பாலும் 5, 6 வாரம் ஆகும். நம் ஊர் வெயில் காலத்தில் 4 வாரத்திலேயே அனுப்பலாம், மார்கழிப் பனியில் முடியாது. வான்கோழிக்கு 8 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் இரவிலும் பல்பை அணைத்துப் பழக்குங்கள். பகலில் ஓரிரு மணி நேரம் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வெளியில் வைக்கலாம், நிழலில். மாற்றும் நாளில் பொழுது சாய்ந்த பிறகு கொண்டுபோய் விடுங்கள். இருட்டில் அடங்கி உட்காரும், விடிந்ததும் அதுதான் வீடு என்று நினைக்கும். அதன் பிறகு ஒரு வாரம் திறந்து விடவேண்டாம். பழைய தீவனத் தட்டு, பழைய தண்ணீர்க் குவளையையே உள்ளே வையுங்கள். இடமும் தீனியும் ஒரே நாளில் மாறினால் குஞ்சு சோர்ந்துவிடும்.

குன்றக்குடியிலிருந்து: கொல்லையில ரொம்ப வருஷமா கோழி மேயுது. அங்கேயே வான்கோழியையும் விடலாமா?

வேண்டாம். கருந்தலை நோய் என்று ஒன்று உண்டு. கோழியின் குடலில் இருக்கிற சின்னப் புழுவின் முட்டைக்குள் அந்தக் கிருமி ஒளிந்திருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்து வருஷக்கணக்கில் கிடக்கும், மண்புழுவும் அதைச் சுமக்கும். வான்கோழி கொத்தினால் ஈரல் கெட்டு, கந்தக மஞ்சளாகக் கழிந்து, கொத்துக் கொத்தாகச் சாகும். இன்குபேட்டர் கோழிக்குஞ்சோடு சில நாள் சேர்த்து வைப்பது வேறு, பெரிய கோழி மேய்ந்த மண்ணில் விடுவது வேறு. இடம் இல்லாதவர்கள் வான்கோழியை வாங்காமல் இருப்பதே மேல். உங்களுக்குப் பக்கத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: கோழி வலை அடிச்சும் கீரி வந்துட்டுது ஐயா. பாம்புக்கும் பயமா இருக்கு.

கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட்மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை போடுங்கள். அடியில் ஒரு அடி ஆழம் புதைக்கவேண்டும். செம்பூரான் பாறை தட்டுகிற இடத்தில் தோண்ட முடியாது, அங்கே வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி தரையில் படுக்கப் போட்டு மேலே கல்லை அடுக்குங்கள். தோண்ட வருவது சுவர் ஓரத்தில்தான் தோண்டும், வலை தட்டினால் விட்டுவிடும். கீரி பகலில் வரும், மரநாய் ராத்திரியில் வரும். பகலுக்குத்தானே என்று கதவைத் திறந்து போட்டுவிடாதீர்கள். சிதறிய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சாயங்காலம் தீவனத் தட்டை எடுத்துவிட்டாலே பாதிப் பயம் போகும்.

புதுவயலிலிருந்து: கினிக்கோழியைத் திறந்துவிட்ட மறுநாளே காணோம்!

கினிக்கு ஒரு வாரம் போதாது, 4 முதல் 6 வாரம் அடைத்தே வைக்கவேண்டும். பிறகு முதலில் ஒன்றிரண்டை மட்டும் திறந்து விடுங்கள். உள்ளே இருக்கிற கூட்டத்தின் சத்தத்துக்குத் திரும்பி வந்துவிடும். சாயங்காலத் தீனியைக் கொட்டகைக்குள் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் புளியமரம்தான் அதற்கு வீடு.

காரைக்குடியிலிருந்து: பெரிய கோழிங்க புதுக் குஞ்சுகளைக் கொத்தியே விரட்டுதுங்க. தீவனம் வேற யாருக்கு எதை வைக்கிறதுன்னு தெரியலை.

ஆச்சி, நடுவில் கம்பிவலைத் தடுப்பு ஒன்று அடித்து, ஒரு வாரம், பத்து நாள் பார்த்துப் பழக விடுங்கள். சேர்க்கும்போது வயதைவிட உடம்பு முக்கியம், முக்கால்வாசியாவது வளர்ந்திருக்கட்டும். ஒற்றைக் குஞ்சை விடாதீர்கள், கூட்டமாக விடுங்கள். தீவனத்தட்டு இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் சண்டை குறையும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெடும். எல்லாருக்கும் வளர்கோழித் தீவனத்தையே வைத்து, கிளிஞ்சலை உடைத்துத் தனித் தட்டில் போட்டுவிடுங்கள். முட்டையிடுகிற கோழி தேடிப் போய்த் தின்னும்.

திருப்பத்தூரிலிருந்து: தடுப்பூசி போட்டே ஆகணுமா?

ஆகணும். வெள்ளைக் கழிச்சல் ஒரு கூட்டத்தில் புகுந்தால் மிச்சம் வைக்காது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா என்கிற தடுப்புச் சொட்டுமருந்து, 4 வாரத்தில் இன்னொரு முறை, 8 வாரத்தில் ஆர்2பி ஊசி. கினிக்கும் வான்கோழிக்கும் கழிச்சல் வரும், விட்டுவிடாதீர்கள். மருந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிருள்ள மருந்து, ஐஸ் இல்லாமல் வந்தால் வெறும் தண்ணீர். தடுப்பு மருந்து கொடுக்கிற நாளும் வெளியே மாற்றுகிற நாளும் ஒரு வாரமாவது தள்ளி இருக்கட்டும், இரண்டு அலைச்சலையும் ஒன்றாகக் கொடுக்கவேண்டாம்.

இளையான்குடியிலிருந்து: சந்தையில பச்சை, ரோஸ் கலர்ல குஞ்சு விக்கிறாங்களே, அதையும் சேர்த்துக்கலாமா?

பண்ணையில் கழித்த சேவல் குஞ்சுக்குச் சாயம் முக்கியிருப்பார்கள். பிள்ளைகள் அழுது வாங்கிவிட்டீர்கள் என்றால் மூன்று வாரம் தனியாக வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு சேருங்கள்.

கண்டனூரிலிருந்து: எந்த மாசம் குஞ்சு வாங்கினா நல்லது?

தை, மாசி. பனி குறைகிற நேரம் பல்புச் செலவு குறைவு. கோடை உச்சத்துக்கு முன்னால் குஞ்சு வெளியே போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் அடைமழையும் ஈர உமியும் கரன்ட் கட்டும் சேர்ந்து வரும். அப்போதே வாங்கிவிட்டீர்கள் என்றால் மழைச்சாரல் அடிக்கிற பக்கம் தார்ப்பாயை இறக்கிக் கட்டுங்கள், மேலே ஒரு முழம் காற்றுக்கு விட்டு.