அப்பாவுக்கு பைபாஸ்: பக்கத்து மருத்துவமனை போதுமா, பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டுமா?

அப்பாவுக்கு மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு, அருகிலிருக்கும் நடுத்தர மருத்துவமனையில் பைபாஸ் செய்கிறோம் என்கிறார்கள், சொந்தக்காரர்கள் கூடாது என்கிறார்கள். இதுதானே கேள்வி? கேட்ட தோரணையிலேயே தெரிகிறது, அந்த டாக்டர் மேல் உங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் "அன்றைக்கே சொன்னேனே" என்று யாராவது சொல்வார்களே, அதுதான் உறுத்துகிறது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். என் கதை அப்படித்தான் இருந்தது.

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு பைபாஸ் ஆனபோது கூடவே இருந்த மகள், அவ்வளவுதான். "ஒருத்தர் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் சொல்லலாமா" என்று கேட்கப் போகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

அம்மாவுக்கு ஆஞ்சியோகிராம் (இதயக் குழாய்களில் எங்கே அடைப்பு என்று பார்க்கும் படம்) எடுத்தது பெயர் பெற்ற ஒரு பெரிய மருத்துவமனையில். அம்மா உள்ளே டேபிளில் படுத்திருக்கும்போதே வெளியே வந்து, "ஸ்டென்ட் வைத்துவிடலாம், இப்போதே சொல்லுங்கள்" என்றார்கள். ஸ்டென்ட் என்றால் அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கிற சின்ன வலைக்குழல். மாரடைப்போடு வந்தவருக்கு அப்படிக் கேட்டால் நியாயம் உண்டு. ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும், அங்கே யோசிக்க உட்காரக் கூடாது. ஆனால் அம்மா தன் காலில் நடந்து போய்ப் படுத்தவர். நீண்ட காலச் சர்க்கரை, மூன்று குழாயிலும் அடைப்பு. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பி வந்துவிட்டோம். அவர்களுக்கு முகம் சுண்டிப்போனது.

இப்படிச் சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் சேர்ந்து இருப்பவர்களை வைத்தே செய்த ஃப்ரீடம் என்ற ஆய்வு 2012-ல் வெளியானது. ஐந்து வருடக் கணக்கில் பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இறப்பும் மாரடைப்பும் ஸ்டென்ட் வைத்தவர்களைவிடக் குறைவு. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் கொஞ்சம் அதிகம். அதனால் எந்த மருத்துவமனை என்பதற்கு முன்னால் எந்தச் சிகிச்சை என்பது தீர வேண்டும். ஸ்டென்ட் வைக்கிற டாக்டரும் அறுவை செய்கிற டாக்டரும் அப்பாவின் படத்தைச் சேர்ந்து பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

பக்கத்து மருத்துவமனையின் சர்ஜனிடம் ஒரு தாள் நிறையக் கேள்விகளோடு போனேன். வாரத்துக்கு எத்தனை பைபாஸ் செய்கிறீர்கள்? ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினை இயக்குபவர் இங்கேயே வேலை செய்கிறவரா, ஆபரேஷன் அன்றைக்கு மட்டும் வருகிறவரா? நடுராத்திரியில் ரத்தம் கசிந்தால் திரும்பத் திறக்க யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார்? சிறுநீரகம் மக்கர் செய்தால் டயாலிசிஸ் இங்கேயே உண்டா? மனிதர் ஒன்றுக்கும் எரிச்சல் படவில்லை. மார்பின் உள்பக்கம் இருக்கும் இடது தமனியை இதயத்தின் முன்பக்கத்துப் பெரிய குழாயில் அடைப்பைத் தாண்டி இணைப்பேன், மற்றதற்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுப்பேன் என்று படம் வரைந்து காட்டினார். மார்புத் தமனி பத்து வருடம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்குத் திறந்தே இருக்குமாம். காலிலிருந்து எடுப்பதற்கு அந்த ஆயுள் கிடையாது.

ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது அவர் பதில்களால் இல்லை. அதே அறையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே வால்வு மாற்றியவர். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும், கூடவே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியும் வீங்கியிருந்தது. அவரிடம் சர்ஜன், "இது இங்கே அபூர்வமாகத்தான் நடக்கும், வாராவாரம் செய்கிற இடத்துக்குப் போங்கள்" என்று சொல்லி, கடிதமும் எழுதிக் கொடுத்தார். தன்னால் எது முடியாது என்று நோயாளியின் முகத்துக்கு நேராகச் சொல்கிற இடத்தில், முடியும் என்று சொன்னால் நம்பலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சின்ன இடத்தில் போய் நெஞ்சைத் திறக்கிறதா?" என்று போனில் சத்தம். எண்ணிக்கை முக்கியம்தான், மறுக்கவில்லை. நிறையச் செய்கிற இடங்களில் பொதுவாக முடிவுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கட்டடம் பெரியது என்பதாலேயே அந்தக் குழு இந்த ஆபரேஷனை அதிகம் செய்கிறது என்று ஆகாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1990-களிலிருந்தே பைபாஸ் இறப்பு விகிதத்தை மருத்துவமனை வாரியாகவும் சர்ஜன் வாரியாகவும் வெளியிடுகிறார்கள். நோயாளிகளின் வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகுதான் ஒப்பிடுகிறார்கள். இல்லையென்றால் கடினமான நோயாளியைத் தொடாத இடம்தான் பட்டியலில் முதலில் நிற்கும். உங்களுக்கு அப்படி ஏதாவது பட்டியல் கிடைத்தால் பாருங்கள். கிடைக்காவிட்டால் நேரில் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சோதனை அதற்குப் பிறகுதான். ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி, அம்மாவுக்கு நாடி தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. எனக்கு உயிரே இல்லை. மானிட்டரைப் பார்த்து முதலில் ஓடிவந்தது நர்ஸ். டியூட்டி டாக்டர் வந்து பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்து, மருந்தை ஏற்றி, விடிவதற்குள் நாடி சீரானது. பிறகுதான் தெரிந்தது, பைபாஸ் ஆனவர்களில் 100 பேருக்கு 20 முதல் 40 பேர் வரை இப்படி வருமாம், அதுவும் பெரும்பாலும் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள். அதனால் பகலில் வரும் சர்ஜனின் பெயரை மட்டும் விசாரிக்காதீர்கள். ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை, டியூட்டி டாக்டர் எந்த மாடியில் இருப்பார் என்றும் விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து இடத்தின் அருமை இன்னும் புரிந்தது. நெஞ்செலும்பு சேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். கையை ஊன்றி எழக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு நெஞ்சு தொந்தரவு தரவில்லை, காலில் எடுத்த இடம்தான் கசிந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜம். போன் செய்துவிட்டு அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்ட முடிந்தது. தொலைவில் செய்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருந்திருப்போம். அப்புறம், அம்மா காரணமே இல்லாமல் அழுவார். பயந்துவிடாதீர்கள், நிறைய பேருக்கு வரும். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது ஆபீஸ் ஞாபகம் வந்து கோபம் வருகிறது. பிள்ளை பிறந்தால் லீவு உண்டு, கல்யாணம் என்றால் வாழ்த்தி அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால், "நீங்கள் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள், அங்கே டாக்டர் இல்லையா?" என்று கேட்டார் என் மேலதிகாரி. மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது, குளியலறைக்கு யார் கைபிடித்துக் கூட்டிப்போவது? சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு நான் எதிரி என்று யாரும் எழுத வேண்டாம். மறு ஆபரேஷன், மகாதமனி வீக்கம், ஒன்றுக்கு மேற்பட்ட வால்வு, பம்ப் திறன் ரொம்பக் குறைந்த இதயம் என்றால் நானே முதல் ஆளாகப் பெரிய இடத்துக்குத்தான் போவேன். சின்ன இடம் என்றாலே ஆபத்து என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இதய அறுவை வசதியே இல்லாத மருத்துவமனைகளில் அவசரமில்லாத ஸ்டென்ட் வைப்பதைப் பற்றி அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2012-ல் வந்த முடிவுப்படி, வசதியுள்ள இடங்களைவிட இறப்பு அதிகமில்லை. பயிற்சி, குறைந்தபட்ச எண்ணிக்கை என்று நிபந்தனை போட்டுத்தான் அந்த இடங்களைச் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் திறன் எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்க என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்றால், அவசரமில்லாத ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தேதி குறிக்கும்போதே சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.