டேப்பெட் சத்தம்: பழைய எஞ்சின்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கீழே உள்ள கேள்விகள் எல்லாம் ஹைட்ராலிக் லிஃப்டர் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள கேப்பை ஆயிலின் உதவியால் தானே சரிசெய்துகொள்ளும் டேப்பெட்) உள்ள எஞ்சின்களைப் பற்றியவை. உங்கள் எஞ்சினில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்து கேப் விடும் சாதா டேப்பெட் என்றால், முதலில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அந்த கேப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘டிக் டிக்’ என்று அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். எஞ்சின் நிற்கும்போது ஏதோ ஒரு சில வால்வுகள் திறந்த நிலையில்தான் இருக்கும். அவற்றின் ஸ்பிரிங் இரவு முழுக்க லிஃப்டரை அழுத்தி, உள்ளே இருக்கும் ஆயிலைக் கசியவிட்டுவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மறுபடி நிரம்பும்வரை சத்தம் வரும். அந்த நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் ஆயில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். சில ஃபில்டர்களில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு மோசமாக இருக்கும்.

சத்தம் லிஃப்டரிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

சத்தத்தின் வேகத்தைக் கவனியுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் சுற்றும். ஐட்லிங் 800 சுற்று என்றால் ஒரு லிஃப்டர் நிமிடத்துக்கு 400 முறை தட்டும். கனமாக, அடியிலிருந்து ‘டக் டக்’ என்று வந்து, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கூடுகிறது என்றால் அது பெரும்பாலும் பேரிங். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் லீக்கும் அச்சு அசல் டேப்பெட் போலவே கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் அதிகமாகவும், சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி மூடுவதால் குறைவாகவும் இருக்கும். இதைக் கவனிக்காமல் எஞ்சினைத் திறந்தவர்கள் நிறைய.

புஷ்ராட் எஞ்சினாக (கீழே உள்ள கேம், நீளக் கம்பி வழியாக மேலே உள்ள ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ளி வால்வைத் திறக்கும் வகை) இருந்தால் வால்வ் கவரைக் கழற்றி, ஐட்லிங்கில் ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் நுழைத்ததும் சத்தம் மாறுகிறதோ அந்த லிஃப்டர்தான். ஆயில் தெறிக்கும், ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பிரிக்காமல், ஒட்டிக்கொண்ட லிஃப்டரை விடுவிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். ஏன் ஒட்டுகிறது என்று புரிந்தால் எப்படி விடுவிப்பது என்பதும் புரியும். லிஃப்டருக்குள் ஒரு சின்ன பிளஞ்சர், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஆயிலை உள்ளே விட்டு வெளியே விடாத ஒரு குண்டு வால்வ். பிளஞ்சருக்கும் உறைக்கும் இடையே சில மைக்ரான்தான் இடைவெளி, தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் அது காய்ந்து பழுப்பு நிற வார்னிஷாகப் படிந்து பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். குண்டு உட்காரும் இடத்தில் ஒரு துகள் சிக்கினாலும் போதும், ஆயில் நிற்காது.

முதலில் டிப்ஸ்டிக் பாருங்கள். குறைவாக இருந்தாலும் தப்பு, அதிகமாக இருந்தாலும் தப்பு. அளவு மீறினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை ஏறிய லிஃப்டர் பஞ்சு மாதிரி அமுங்கும். அளவு சரி என்றால், மேனுவலில் சொன்ன கிரேடில் நல்ல டிடர்ஜென்ட் உள்ள ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, 1,500 கிலோமீட்டரில் மறுபடி இரண்டையும் மாற்றுங்கள். அப்புறம் இன்னொரு முறை. எஞ்சின் நன்றாகச் சூடாகும் அளவுக்கு நீண்ட தூரம் ஓட்டுங்கள். படிந்தது மெதுவாகத்தான் கரையும், மெதுவாகக் கரைவதுதான் நல்லது.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி ஃப்ளஷ் செய்யலாமா?

என் பதில் கூடாது என்பதுதான். ஆயிலின் தடிமன் போய்விடும், பேரிங்குகள் அந்த நேரத்தில் பாதுகாப்பின்றி ஓடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு மொத்தமாகப் பெயர்ந்து சம்ப்பில் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) உள்ள ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடையை அடைப்பது.

கெட்டியான ஆயில் போட்டால் சத்தம் அடங்குமா?

தேய்ந்த லிஃப்டரில் கொஞ்சம் அடங்கும். ஒட்டிக்கொண்ட லிஃப்டரில் நிலைமை மோசமாகும், குளிரில் ஆயில் உள்ளே போகவே நேரமாகும்.

லிஃப்டர்களைக் கழற்றிவிட்டேன். சுத்தம் செய்து மறுபடி போடலாமா, புதுசு வாங்க வேண்டுமா?

கழற்றும்போதே எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்க வேண்டும். தட்டை அடி உள்ள லிஃப்டர் ஒவ்வொன்றும் தன் கேம் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். இடம் மாறினால் இரண்டும் கெடும். ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் உறையில் போடவும் கூடாது.

சுத்தம் செய்வதற்கு முன் அடிப்பாகத்தைப் பாருங்கள். பார்வைக்குத் தட்டை என்றாலும் அது மிக லேசாகப் புடைத்திருக்க வேண்டும். இரண்டு லிஃப்டரை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். லேசாக ஆடினால் நல்லது. ஆடாமல் உட்கார்ந்தால் அடி தேய்ந்து தட்டையாகவோ குழிவாகவோ ஆகிவிட்டது, கேமும் போயிருக்கும். அப்போது கேம், லிஃப்டர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுக் கேமில் பழைய லிஃப்டர் போடவே கூடாது.

அடி நன்றாக இருந்தால் கிளிப்பைக் கழற்றி, பிளஞ்சரை வெளியே எடுத்து கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிடுங்கள். எமரி பேப்பர் தொடவே வேண்டாம், அந்த மைக்ரான் இடைவெளி திரும்ப வராது. சேர்க்கும்போது சுத்தமான ஆயில் மட்டும்.

புது லிஃப்டர் மாட்டியதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. கம்ப்ரஷனும் இல்லை.

லிஃப்டர் நிறைய ஆயிலோடு நீண்டு நின்று வால்வை மூடவிடாமல் பிடித்திருக்கலாம். இந்த நிலையில் ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அரை மணி நேரம் விட்டுவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, தடை இல்லை என்று தெரிந்த பிறகு முயலுங்கள். ராக்கரில் ஸ்க்ரூ இருந்தால் ப்ரீலோடையும் (பிளஞ்சரைச் சற்றே உள்ளே அழுத்தி வைக்கும் அளவு) பாருங்கள். ஆட்டம் சரியாக நின்ற இடத்திலிருந்து அரை முதல் ஒரு சுற்று வரை இறுக்குவதுதான் பல எஞ்சின்களின் வழக்கம், உங்கள் மேனுவல் சொல்வதே கணக்கு.

குளிர்ச்சியில் சத்தமே இல்லை. சூடானதும் ஐட்லிங்கில் அடிக்கிறது, ஆயில் லைட்டும் மினுக்குகிறது.

லிஃப்டரை அப்புறம் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்து, சென்சாரைக் கழற்றிய இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி பிரஷரை அளந்து பாருங்கள். சூடான நிலையில் 1,000 சுற்றுக்கு சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய எஞ்சின்களுக்குச் சொல்லும் பொதுக் கணக்கு. அதைவிட வெகுவாகக் குறைந்தால் பம்ப், ஸ்ட்ரெய்னர், பேரிங் என்ற வரிசையில் தேட வேண்டும். பிரஷர் கேஜில் சரியாக இருந்தால் மினுக்குவது சென்சார் கோளாறு, சத்தத்துக்குத் தேய்ந்த லிஃப்டர் காரணமாக இருக்கலாம்.