தோட்டத்த விக்காதீங்க அண்ணாச்சி, பிள்ளைய வாசிக்க விடுங்க

களியக்காவிளைப் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி போன வாரம் மகளக் கூட்டிட்டு, என்ன படிக்க வைக்கலாம்னு எங்கிட்ட யோசனை கேக்க வந்தாரு. பிளஸ் டூ முடிஞ்சாச்சு, பிள்ளைக்கு பியானோ தவிர வேற ஒண்ணும் ஓடாது, துபாய்ல இருக்க சித்தப்பா தினமும் போன் போட்டு மேனேஜ்மெண்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருங்கன்னு நெருக்குறாரு, ரப்பர் தோட்டத்துல பாதிய வித்துரலாமான்னு கேக்காரு. மொதல்ல டீய குடிங்கன்னேன். அதுக்கு மேல ஆறுதல் சொல்ல எனக்கு வரல.

தோட்டத்துல கை வைக்கக்கூடாது. இன்ஜினியரிங்குக்கும் கூடாது, வெளிநாட்டுல போய் பியானோ படிக்கிறதுக்கும் கூடாது. பிடிக்காத கோர்ஸ்ல காசக் கொட்டிட்டு அரியரோட வந்து என் முன்னால அழுத பிள்ளைங்கள நெறைய பாத்துட்டேன். நர்ஸிங், பேங்க் கோச்சிங் பத்தியெல்லாம் உங்க சொந்தக்காரங்களே சொல்லிருப்பாங்க, நான் வேற சொல்லணுமா?

சர்ச்ல என்ன வாசிப்பன்னு பிள்ளைகிட்ட கேட்டேன். கிறிஸ்மஸ் ஆராதனையில பாடுற அக்காவுக்கு தொண்டை கட்டிருச்சாம், சுருதிய இறக்கணும், மத்தவங்கன்னா கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கிருவாங்க, இவ பட்டன தொடாம டி மேஜர்ல இருந்த பாட்ட சி மேஜருக்கு கையாலேயே மாத்தி வாசிச்சிருக்கா. ஏன் மக்ளேன்னா, "பியானோல பட்டன் கிடையாதுல்ல சார்"ங்கா.

அண்ணாச்சி, இதுக்கு காசு உண்டு. பேரு அக்கம்பனிஸ்ட், கூட வாசிக்கிற ஆளு. வயலின், புல்லாங்குழல், பாட்டுன்னு கிரேடு எக்ஸாமுக்கு (எட்டு படி உள்ள மேற்கத்திய மியூசிக் பரீட்சை) போற பிள்ளைங்க வாசிக்கிற பீஸ்ல பாதிக்கு மேல பியானோ துணையோட எழுதினதுதான். எக்ஸாமினர் அந்த பியானோவ வாசிக்க மாட்டாரு, கூட வாசிக்கிற ஆள மாணவன்தான் ஏற்பாடு பண்ணணும். திருவனந்தபுரம் பஸ்ஸுல ஏறினா போயிட்டு சாயங்காலம் வந்துரலாம், ஒரு எக்ஸாம் நாள்ல அஞ்சாறு பிள்ளைங்களுக்கு வாசிக்கலாம், ரிகர்சலுக்கு தனியா வாங்கலாம். இதுக்கு வேண்டியது எழுதி வச்ச புது இசைக்குறிப்ப பாத்த உடனே வாசிக்கிறதும், பாடுறவன் ஒரு வரிய விட்டுட்டு குதிச்சா கூடவே குதிக்கிறதும். பெரிய மேடையில தனியா கச்சேரி பண்றவங்களுக்கே இது எல்லாருக்கும் வராது.

இதுமட்டும் போதுமான்னா போதாது. மேடைய மட்டும் நம்பி சோறு கிடைக்காது, அத ஒளிக்க மாட்டேன். பார்டோக்னு ஒரு ஹங்கேரிக்காரர், பெரிய கம்போசர், அவரே 1907ல இருந்து 1934 வரைக்கும் புடாபெஸ்ட் அகாடமியில பியானோ வாத்தியாரா இருந்தாரு. கச்சேரியும் வாசிச்சாரு, போனோகிராப (அந்தக் கால ஒலிப்பதிவு மெஷின்) தூக்கிட்டு ஊர் ஊரா போய் கிழவிங்க பாடினத பதிஞ்சு, ஹங்கேரி ருமேனியா ஸ்லோவாக்கியான்னு எல்லா பக்கத்து பாட்டையும் எழுதி வச்சு, அதையே பியானோவுக்கு மாத்தினாரு. நம்ம ஊரும் தமிழ்நாடு கேரளா எல்லைதானே? இந்தப்பக்கம் வேதநாயகம் சாஸ்திரியார் தமிழ்ல எழுதின கிறிஸ்தவ கீர்த்தனை, பாறசாலை தாண்டினா மோசவல்சலம் சாஸ்திரியார் மலையாளத்துல எழுதினது. ஒரே கீர்த்தனைய சபைக்கு சபை வேற மாதிரி இழுப்பாங்க. பாட்டியம்மை பாடுறத போன்ல பதிஞ்சு மியூஸ்கோர்ல எழுதி (இசைக்குறிப்பு எழுதுற ஓசி சாஃப்ட்வேர்தான்) நாலு குரலுக்கு பிரிச்சுக் குடுத்தா சர்ச் பாடகர் குழுக்காரங்க வாங்குவாங்க. பின்னால எம்.ஏ. மியூசிக், நெட் (காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு), ஆராய்ச்சின்னு போனா இந்தப் பதிவெல்லாம் கையில இருக்கும்.

இப்போதைக்கு பக்கத்துல எய்டட் காலேஜ்ல ஒரு பி.ஏ. போதும், கூடவே கிரேடு எட்டு வரைக்கும் போகணும். ஏபிஆர்எஸ்எம்ல (கிரேடு எக்ஸாம் நடத்துற லண்டன் போர்டு) ஆறாவது கிரேடு பியானோவுக்கு போகணும்னா தியரி அஞ்சாவது கிரேடு பாஸாகிருக்கணும், இவ இன்னும் எழுதல, அத மொதல்ல எழுதச் சொல்லிட்டேன். அறுபத்தோரு கட்டை கீபோர்டு இனிமே உதவாது, எண்பத்தெட்டு கட்டை, கனமான கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ நாப்பது அம்பதாயிரத்துல இருந்து கிடைக்கும். பழைய மர பியானோ மலிவா வருதுன்னு ஆசப்படாதீங்க, இந்த உப்புக்காத்துல ட்யூன் பண்ணியே காசு போயிரும். ரெண்டு தெருப்பிள்ளைக்கு இப்பவே சொல்லிக்குடுக்க ஆரம்பிக்கட்டும், சம்பளம் வாங்கிட்டுதான். ஓசிக்கு வேண்டாம், சொந்தக்காரப் பிள்ளையா இருந்தாலும்.

சித்தப்பா நம்பர குடுங்க, நான் பேசிக்கிறேன்.