ஐடில்வைல்ட்: படத்தின் இசையா, தனி ஆல்பமா?

அன்புள்ள ஐயா,

பிக் பாய், ஆந்த்ரே என்ற அமெரிக்க ராப் ஜோடியான அவுட்காஸ்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர்களுடைய ஐடில்வைல்ட் ஆல்பத்தைக் கேட்டேன். பிடித்துப்போய் அதே பெயரில் உள்ள படத்தையும் தேடிப் பார்த்தால் ஏமாற்றம். ஆல்பத்தில் நான் ரசித்த பல பாடல்கள் படத்தில் இல்லை, படத்தில் வருவது ஆல்பத்தில் இல்லை. கதை நடப்பதோ 1935-ல், ஆட்கள் ராப் பாடுகிறார்கள். இதைப் போய் படத்தின் இசை என்று எப்படி விற்றார்கள்?

ர.

அன்புள்ள ர.,

விற்றார்கள், அவ்வளவுதான். 2006 ஆகஸ்டில் ஆல்பமும் படமும் ஒரே வாரத்தில் வந்தன, பெயரும் ஒன்று, யாருக்குத்தான் குழப்பம் வராது? ஆனால் இயக்குநர் பிரையன் பார்பர் அந்தப் படத்தை எடுத்தபோது கையில் இருந்தது 2003-ல் வந்து கிராமி வாங்கிய அவுட்காஸ்டின் முந்தைய ஆல்பம், ஸ்பீக்கர்பாக்ஸ் / த லவ் பிலோ. படத்தில் ஆடிப் பாடுகிற பாடல்களில் பல அதிலிருந்து எடுத்தவை. நீங்கள் தேடுவது அங்கேதான் கிடைக்கும். அப்புறம் படம் வெளியாகாமல் இழுத்துக்கொண்டே போனது, அதற்குள் இவர்கள் புதிதாக ஓர் ஆல்பமே செய்துவிட்டார்கள், அதுதான் நீங்கள் கேட்ட ஐடில்வைல்ட்.

அந்தப் புது ஆல்பத்தில்தான் எனக்கு முப்பதுகளின் வாசனை அதிகம், படத்தைவிடவே அதிகம். 'மைட்டி ஓ' கேளுங்கள், அது ஜாஸ் பாடகர் கேப் காலோவே 1931-ல் பாடிய 'மின்னி த மூச்சர்' பாட்டின் பேரப்பிள்ளை. ஒருவர் கத்த, கூட்டம் திருப்பிக் கத்துகிற அதே விளையாட்டு. அதனால் 1935-ல் ராப் என்பது எனக்கு உறுத்தவில்லை, இருவரும் ஜார்ஜியாக்காரர்கள், சொந்த மண்ணின் பழைய பாட்டைத் தங்கள் வாயால் பாடிப் பார்க்கிறார்கள். 'ஐடில்வைல்ட் ப்ளூ'வில் ஆந்த்ரே ராப்பே செய்யவில்லை, கிடாரை வைத்துக்கொண்டு சுத்தமான ப்ளூஸ். 'மாரிஸ் பிரவுன்' பாட்டில் வாசிப்பது அட்லாண்டாவில் அதே பெயருள்ள கறுப்பினக் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழு, அங்கீகாரம் பறிபோய் கல்லூரியே தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகள் என்னமாக முழக்குகிறார்கள்! கடைசிப் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது, அதை நான் தாண்டிவிடுவேன்.

என் குறை வேறு. பிக் பாயும் ஆந்த்ரேயும் சேர்ந்து பாடுவது இதில் சில இடங்களில்தான், மற்றதெல்லாம் ஆளுக்கொரு பக்கம். படத்திலும் அப்படியே, பால்ய நண்பர்கள் என்று சொல்லிவிட்டு பிக் பாய் நடிக்கிற ரூஸ்டரை மதுக்கூடத்திலும் ஆந்த்ரே நடிக்கிற பெர்சிவலைப் பிணங்களை அலங்கரிக்கிற வீட்டிலும் தனித்தனியாக விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பமும் போடவில்லை.

படத்தை மறுபடி பார்ப்பதென்றால் ஹின்டன் பேட்டில் அமைத்த நடனங்களுக்காகப் பாருங்கள். கதைக்காக வேண்டாம்.