குடும்பக் கம்பனியில் பணிப்பாளர் ஆவது இலகுவா?

கிளிநொச்சியில் மச்சான் நடத்தும் அரிசி ஆலைக் கம்பனிக்குப் பணிப்பாளராக வரச் சொல்கிறார், பொதுக் கம்பனியைவிட இது இலகுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளரே போதும். பொதுக் கம்பனிக்குக் குறைந்தது இருவர். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனி என்றால் சுயாதீனப் பணிப்பாளர்கள், கணக்காய்வுக் குழு, காலாண்டுக் கணக்கு எல்லாம் வரும்.

ஆனால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் சொல்லும் அடிப்படைக் கடமைகள் தனியார், பொது இரண்டு கம்பனிகளுக்கும் ஒன்றுதான். தேறிய சொத்து (சொத்தில் கடன்களைக் கழித்த மீதி), கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற தொகையின்) பாதிக்குக் கீழே போனால் 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பு விட வேண்டும். மச்சான் கம்பனி என்று விலக்கு இல்லை.

என்னைக் கேட்டால் தனியார் கம்பனியின் பணிப்பாளர் சபைதான் கடினம். பட்டியலிட்ட கம்பனியில் மனம் கசந்தவர் பங்கைச் சந்தையில் விற்றுவிட்டுப் போவார். இங்கே சண்டை கலியாண வீடு வரை வரும். அப்புறம், வங்கிக் கடனுக்கு உங்களிடம் தனிப்பட்ட பிணை கேட்பார்களா என்று முதலில் விசாரியுங்கள்.