எரிந்த வீட்டின் பட்டியல்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் குடும்பம் கலிஃபோர்னியாவில் ஆல்டடீனா என்ற ஊரில் இருந்தது. 2025 ஜனவரித் தீயில் வீடு முழுதும் போய்விட்டது. உயிர் தப்பினார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தினமும் போன் செய்து “நம்பிக்கையா இரு, எல்லாம் சரியாகிடும்” என்பேன். போன வாரம் அண்ணன், “இதைச் சொல்லத்தான் கூப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டார். தன் வேலையே முடியாதபோது, அதே தெருவில் வீடிழந்த ஒரு பெரியவருக்காக அலைந்துகொண்டிருக்கிறார். அண்ணிக்கு அதில் வருத்தம். இது தன் கஷ்டத்திலிருந்து ஓடி ஒளிவதுதானே? நான் கிளம்பிப் போய்விடட்டுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஓடி ஒளிவதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தீ ஜனவரி 7 மாலை ஈட்டன் பள்ளத்தாக்கில் பற்றியது. மலையிலிருந்து இறங்கும் வறண்ட சாண்டா அனா காற்று அதை ஊருக்குள் கொண்டுவந்தது. 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, 19 பேர் இறந்தார்கள். லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்களுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தபோது மறுநாள் விடியற்காலை மூன்று மணி தாண்டிவிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தவர்கள். உத்தரவு வருமுன்பே பலரை எழுப்பிக் கிளப்பியது அக்கம்பக்கத்தவர்கள் தட்டிய தட்டல்தான். அப்படி ஓர் இரவைச் சேர்ந்து கடந்தவர்களுக்கு நடுவே என்ன கொடுக்கல் வாங்கல் என்று நமக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் யார் என்று அண்ணனிடம் ஒருநாள் கேட்டுப்பாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். காப்பீடு, அனுமதி, கடன் என்று அவருடைய சொந்த வேலைகள் எதுவும் ஒருநாளில் முடியாது. பெரியவருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் அது அன்றே முடிந்துவிடும். முடிந்தது என்று சொல்ல ஒரு வேலையாவது வேண்டாமா? தீ இன்னும் முழுதாக அடங்காத நாட்களிலேயே, பக்கத்து பாசடேனாவில் தினக்கூலிகளுக்கான மையத்தில் திரண்ட ஆட்கள் தெருவில் விழுந்து கிடந்த மரங்களையும் குப்பையையும் அகற்றினார்கள். பெரும்பாலும் குடியேறிகள். தோட்ட வேலையும் வீட்டு வேலையும் செய்துவந்த வீடுகள் எரிந்ததில் அந்த வட்டாரத்தில் இப்படிப் பலருக்குப் பிழைப்பே போயிருந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

2015 டிசம்பர் வெள்ளத்தை நீங்களும் வேளச்சேரியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். முதல் வாரம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்து குவிந்தது. பழைய துணி எடுப்பாரில்லாமல் தெருவோரம் கிடந்தது. (பழைய துணி கொடுப்பதில் நமக்குள்ள ஆர்வம் தனி ஆராய்ச்சிக்குரியது.) இரண்டாம் மாதம் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் அலைந்தவர்களோடு யார் போனார்கள்? தீ விஷயத்தில் அந்த இரண்டாம் மாதம் வருடக்கணக்கில் நீளும். அதே மாநிலத்தில் 2018-ல் எரிந்த பாரடைஸ் ஊரில் ஆறு வருடம் கழித்தும் பழைய மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. “எல்லாம் சரியாகிடும்” என்பது அண்ணன் காதில் எப்படி விழும் என்று பாருங்கள்.

அங்கே காப்பீட்டில் வீட்டுக்குத் தனி, உள்ளிருந்த சாமான்களுக்குத் தனி. சாமான்களுக்கு முழுத் தொகையும் கேட்கப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட வேண்டும்: என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன விலை. குத்துவிளக்கு, கிரைண்டர், குழந்தையின் சைக்கிள் என்று அறை அறையாக நினைவில் நடந்து எழுத வேண்டும். பலரும் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான், ஒவ்வொரு வரியிலும் அந்தப் பொருளை மறுபடி இழக்க வேண்டியிருப்பதால்.

இந்த வேலை அங்கே முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடக்கணக்காக அவர்கள் அனுப்பிய படங்கள் உங்கள் போனில் இருக்கும். கிரகப்பிரவேசம், கொலு, பிறந்தநாள். முகங்களைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள். சோபா, டிவி, அலமாரி நிறைய புத்தகம், சமையலறை மேடையில் மிக்ஸி. ஒவ்வொன்றையும் குறித்து, படத்தோடு, தேதியோடு அனுப்புங்கள். காப்பீட்டுக்காரருக்கு அது ஆதாரம். அண்ணிக்கோ, தீயில் போன ஆல்பமும் கொஞ்சம் திரும்பும்.

அப்புறம் காகிதங்கள். சென்னையில் பதிவான பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே எடுக்கலாம். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களின் நகலுக்கு யாராவது நேரில் நடக்க வேண்டியிருக்கும். அதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு நாம் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால். அவர்கள் தூங்கும்போது உங்கள் வேலை நடக்கும்.

தினமும் போன் வேண்டாம். அடுத்த முறை அண்ணியைத் தனியாகக் கூப்பிடுங்கள். அவர் வருத்தம் பெரியவர் மேல் அல்ல என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் தன் பக்கம் நின்று கேட்க ஆள் இல்லாதது காரணமாக இருக்கலாம். நாத்தனார் கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

கிளம்பிப் போவது பற்றி: இப்போது வேண்டாம். வாடகை வீட்டில் உங்களுக்கு ஒரு படுக்கை போட்டு, வேளாவேளைக்கு உங்களைக் கவனிப்பதும் அவர்கள் தலையில்தான் விழும். புது வீட்டுக்குக் குடிபோகும் சமயத்தில் போய் ஒரு மாதம் சமையலறையை ஏற்றுக்கொள்ளுங்கள். விசா இல்லையென்றால் மட்டும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதற்கும் அங்கே வீடு எழும்புவதற்கும் சரியாக இருக்கும்.