திறந்த மூல மென்பொருளால் தனியுரிமைக்கு என்ன பயன்?

ஒரு மென்பொருளின் நிரலை (அது இயங்க எழுதப்பட்ட கட்டளைகளை) யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமத்திலேயே அனுமதி இருந்தால் அது திறந்த மூல மென்பொருள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபிஸ் அலுவலக மென்பொருள், சிக்னல் செய்திச் செயலி எல்லாம் இந்த வகைதான்.

சரி, தனியுரிமைக்கு இதில் என்ன லாபம்? மூடிய செயலி "உங்கள் தகவலை எடுப்பதில்லை" என்று சொன்னால் பெரும்பாலும் நம்பத்தான் வேண்டும். இங்கே விவரம் தெரிந்தவர்கள் நிரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சங்கத்தின் கணக்கு நோட்டை மேசைமேல் வைக்கும் பொருளாளருக்கும், "கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது" என்று வாயால் மட்டும் சொல்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் நோட்டை யாராவது புரட்டவும் வேண்டுமே! இணையத் தொடர்புகளைப் பூட்டிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்பதும் திறந்த மூல மென்பொருள்தான்; 2012-இல் வெளியான அதன் பதிப்பில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2014-இல்தான் வெளியே தெரிந்தது.

அப்புறம், நிரல் திறந்திருந்தால் நம் செய்திகளையும் எல்லோரும் படிப்பார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். திறந்திருப்பது செயலியின் நிரல் மட்டுமே, உங்கள் தகவல் அல்ல.